மூச்சுக் களைப்பும் ஓர் இரத்தப் பரிசோதனையும்



சென்ற இதழில் இரத்தச்சோகை பற்றி எழுதியிருந்தேன். அதனை வாசித்துவிட்டுச் சிலர் கடிதம் எழுதியிருந்தீர்கள். கிராமங்களுக்குப் போகும்போது நேரிலும் சிலர் கேட்டீர்கள். அவற்றுள் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. "இரும்புச்சத்துக் குளிசை மாதக்கணக்காகக் குடித்து முடித்துவிட்டேன். இரத்தம் இப்போது காணும் என்கிறார்கள். ஆனாலும் இளைப்பு நிற்கவில்லை. இனி என்ன செய்வது?" என்பதே அந்தக் கேள்வி.

இதற்கு ஒரே பதில் இல்லை. தொய்வு வருத்தம் இருக்கலாம், தைரொயிட் சுரப்பி சரியாக வேலை செய்யாமல் இருக்கலாம், இதயத்தின் வால்வு பழுதாகியிருக்கலாம். இம்முறை நான் எழுத நினைப்பது இவற்றையெல்லாம் தேடிப் பார்த்த பின்னரும் பெரும்பாலும் கடைசியாகவே கண்டுபிடிக்கப்படுகின்ற ஒரு நோயைப் பற்றி. சுவாசப்பை உயர் குருதியமுக்கம் என்பது அதன் பெயர். அதைவிட முக்கியமாக, அந்த நோயுள்ளவரின் நிலைமையை அளந்து பார்க்கும் ஓர் இரத்தப் பரிசோதனையைப் பற்றியும் சொல்ல விரும்புகின்றேன். நான் மருத்துவம் படித்தவள் அல்ல. சமூகவியல் படித்துவிட்டுச் சமூகப் பணிக்கு வந்தவள். ஆனால் கிளினிக் வாங்குகளில் உங்களோடு சேர்ந்து காத்திருந்த நாட்கள் பல. அங்கே கேட்டு அறிந்தவற்றையும் வைத்தியர்களிடம் கேட்டுத் தெளிந்தவற்றையும் தான் எழுதுகின்றேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். களைப்பு என்ற ஒரே சொல்லுக்குள் நாங்கள் பல விடயங்களைப் போட்டு வைத்திருக்கிறோம். நித்திரை இல்லாத அலுப்பும் களைப்புத்தான், பட்டினியும் களைப்புத்தான், மனம் சோர்ந்து போவதும் களைப்புத்தான். இங்கே நான் சொல்வது வேறு. நடக்கும்போது, குனிந்து நிமிரும்போது, வாளியைத் தூக்கும்போது மூச்சு வாங்குவது. நின்றால் குறையும், தொடங்கினால் மீண்டும் வரும். மாதங்கள் போகப் போக, முன்னர் செய்த வேலையிலும் குறைந்த வேலைக்கே அது வந்துவிடும். சிலருக்குக் கணுக்கால் வீங்கும். சிலருக்கு ஏறி நடக்கும்போது கண் இருண்டு மயக்கம் வரும். மயக்கம் வந்தால் அது சாதாரண விடயம் அல்ல, அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

"எனக்குப் பிரஷர் இல்லை, போன கிழமையும் பார்த்தது" என்று நீங்கள் சொல்லலாம். கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்துப் பார்ப்பது உடம்பு முழுவதற்கும் இரத்தம் போகும் குழாய்களின் அமுக்கத்தை. அது இதயத்தின் இடது பக்கத்து வேலை. இதயத்தின் வலது பக்கம் இரத்தத்தைச் சுவாசப்பைக்கு மட்டும் அனுப்புகிறது. அந்தப் பாதை குறுகியது, மென்மையானது. அதன் சராசரி அமுக்கம் ஓய்வில் 14 மில்லிமீற்றர் இரசம் அளவில் இருக்கும். அது 20 ஐத் தாண்டினால் சுவாசப்பை உயர் குருதியமுக்கம் என்று இப்போது வரையறுக்கிறார்கள். முன்னர் 25 என்று வைத்திருந்தார்கள். கையில் கட்டும் பட்டி இந்த அமுக்கத்தைக் காட்டவே காட்டாது. எக்கோ பரிசோதனையில் ஊகிக்கலாம். உறுதியாகச் சொல்வதற்கு நாளத்தின் வழியே ஒரு மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி அளக்க வேண்டும்.

அந்தச் சிறிய குழாய்கள் தடித்து ஒடுங்கினால், அல்லது அவற்றில் இரத்தக்கட்டி அடைத்தால், அல்லது இடது பக்கத்தில் வால்வு ஒடுங்கி இரத்தம் பின்னே தேங்கினால், வலது இதயவறை முக்கித் தள்ளத் தொடங்குகிறது. சுவர் தடிக்கிறது, பிறகு விரிகிறது, பிறகு இயலாமல் போகிறது. நோயாளியின் நாட்களைத் தீர்மானிப்பது சுவாசப்பைக் குழாயை விடவும் இந்த வலது இதயவறைதான். எவ்வளவு காலம் அது தாக்குப்பிடிக்கிறது என்பதே விடயம்.

இந்த நோய் ஏன் வருகிறது என்பதில் எங்கள் வாழ்க்கையோடு தொடர்பான காரணங்கள் சில உண்டு. சிறுவயதில் தொண்டை நோவோடு வரும் வாதக்காய்ச்சல் இதய வால்வைக் கெடுக்கும். நெருக்கமாக வாழும் இடங்களில் அது இலகுவாகப் பரவும் என்பது எல்லா நாடுகளிலும் கண்டது. முகாம்களில் வளர்ந்த பிள்ளைகள் இன்று தாய்மாராக இருக்கின்றார்கள். மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை போட வேண்டிய பென்சிலின் ஊசி இடம்பெயர்வுகளின்போது எத்தனை பேருக்கு விடுபட்டது என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. புகைபோக்கி இல்லாத குசினியில் விறகு அடுப்பின் முன்னால் இருபது முப்பது வருடங்கள் இருந்த பெண்களுக்குச் சுவாசப்பை பழுதாகி அதனாலும் இந்த அமுக்கம் கூடலாம். காசநோய் மாறினாலும் அது விட்டுப்போன வடுக்களாலும் வரலாம். பிறப்பிலேயே இதயத்தில் துவாரம் இருந்து கவனிக்காமல் விட்டவர்களுக்கு வரலாம். தோல் இறுகிக்கொண்டு போகும் ஸ்கிளெரோடேர்மா என்ற நோயுள்ளவர்களுக்கு வரலாம். குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் விரல்கள் வெள்ளையாகி நீலமாகின்றவர்கள் அதைக் கட்டாயம் வைத்தியரிடம் சொல்லுங்கள். எந்தக் காரணமும் தெரியாமல் சுவாசப்பை நாடிகளே ஒடுங்கும் வகையும் உண்டு. அந்த வகை ஆண்களை விடப் பெண்களையே அதிகம் பிடிக்கிறது.

இனி அந்த இரத்தப் பரிசோதனைக்கு வருவோம்.

உடம்புக்குள் நடப்பதை வெளியே இருந்து அளந்து அறிய உதவும் பொருளை உயிர்க்குறிகாட்டி என்கிறார்கள். நீரிழிவுக்குச் சீனி பார்ப்பது போல. இந்த நோயில் பயன்படும் குறிகாட்டிக்கு பி.என்.பி. என்று பெயர். 1988 ஆம் ஆண்டில் கென்ஜி கங்கவா, ஹிசயுகி மட்சுவோ முதலிய ஜப்பானிய ஆய்வாளர்கள் இதனைப் பன்றியின் மூளையில் இருந்து பிரித்தெடுத்தார்கள். அதனால் மூளையின் பெயரையே வைத்துவிட்டார்கள். பின்னர் பார்த்தால் மனிதரில் அது பெரும்பாலும் சுரப்பது இதயவறைகளில் இருந்துதான். பெயரில் வரும் முதல் எழுத்து இன்றும் மூளையைத்தான் குறிக்கிறது. இதயத்தில் இருந்து வருவதற்கு மூளையின் பெயர் நிலைத்துவிட்டது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

அது எப்படி வேலை செய்கிறது என்றால், இதயவறையின் சுவர் அளவுக்கு மீறி இழுபடும்போது அதன் தசைக் கலங்கள் ஒரு புரதத்தை உண்டாக்குகின்றன. அது இரண்டாக உடைகிறது. ஒரு துண்டு பி.என்.பி. அது சிறுநீரைக் கூட்டி, உப்பை வெளியேற்றி, குழாய்களைத் தளர்த்தி இதயத்தின் பாரத்தைக் குறைக்கப் பார்க்கும் ஓர் ஓமோன். மற்றத் துண்டு என்.ரி. புரோ பி.என்.பி. அதற்கு என்று ஒரு வேலையும் இல்லை. ஆனால் முதலாவது துண்டு 20 நிமிட அளவில் பாதியாகக் குறைந்துவிட, இது ஒன்று இரண்டு மணித்தியாலம் வரை தாங்கும். ஆகவே ஆய்வுகூடத்தில் அளக்க அது வசதி. இரண்டில் எதை அளந்தாலும் கிடைக்கும் செய்தி ஒன்றுதான்: இதயத்தின் சுவர் எவ்வளவு இழுபடுகிறது என்பது.

ஐரோப்பிய இதயவியல் கழகமும் ஐரோப்பிய சுவாசவியல் கழகமும் 2022 இல் வெளியிட்ட வழிகாட்டியில், சுவாசப்பை நாடிகளே ஒடுங்கும் வகை நோயாளரை, மருந்து தொடங்கிய பிறகு, மூன்று விடயங்களைக் கொண்டு நான்கு படிகளில் வைக்கிறார்கள். முதலாவது, நாளாந்த வேலையில் எவ்வளவு களைப்பு வருகிறது என்பது. இரண்டாவது, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்பது. மூன்றாவது, இந்த இரத்த அளவு. என்.ரி. புரோ பி.என்.பி. ஒரு மில்லிலீற்றரில் 300 பிக்கோகிராமுக்குக் கீழே என்றால் ஆபத்துக் குறைந்த படி. 300 முதல் 649 வரை அடுத்தது. 650 முதல் 1,100 வரை அதற்கு மேல். 1,100 ஐத் தாண்டினால் ஆபத்துக் கூடிய படி. வேறு கடதாசியில் பி.என்.பி. என்று மட்டும் போட்டிருந்தால் அதற்கு எல்லைகள் வேறு. 50 க்குக் கீழே குறைவு, 800 க்கு மேலே அதிகம். இரண்டையும் மாற்றி ஒப்பிடக் கூடாது. முதல் மாதம் ஒரு ஆய்வுகூடத்தில் ஒன்றும், மூன்றாம் மாதம் இன்னொன்றில் மற்றதும் செய்துவிட்டு "கூடிப்போச்சுது" என்று பயந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

நான்கு படிகளில் எதில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே மருந்தைக் கூட்டுவதா, இன்னொன்றைச் சேர்ப்பதா, அப்படியே விடுவதா என்று தீர்மானிக்கிறார்கள். இங்கேதான் நான் சமூகப் பணியாளராக ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேலே சொன்ன மூன்றில் முதலாவதை எடுங்கள். "வழக்கமான வேலை செய்யும்போது களைப்பு வருதோ?" என்று வைத்தியர் கேட்கிறார். வழக்கமான வேலை எது? காரியாலயத்தில் இருப்பவரின் வழக்கமான வேலையும், தோட்டக்கிணற்றில் தண்ணீர் இறைத்து, விறகு பொறுக்கி, கச்சான் பிடுங்கக் கூலிக்குப் போகும் பெண்ணின் வழக்கமான வேலையும் ஒன்றல்ல. அது மட்டுமல்ல. எங்கள் பெண்கள் களைப்பு வந்தவுடன் வைத்தியரிடம் போவதில்லை. வேலையைக் குறைத்துக்கொள்கிறார்கள். இரண்டு வாளி தூக்கியவர் ஒரு வாளி தூக்குகிறார். பிறகு அரை வாளி. பிறகு மகளை அனுப்புகிறார். கோயிலுக்கு நடந்து போனவர் திருவிழாவுக்கு மட்டும் போகிறார், பிறகு வீட்டிலிருந்தே கும்பிடுகிறார். இவ்வளவும் நடந்த பின் கிளினிக்கில் கேட்டால் "இல்லை ஐயா, இப்ப களைப்பு இல்லை" என்று சொல்வார். பொய் சொல்லவில்லை. களைப்பு வரும் வேலை எதையும் அவர் செய்வதே இல்லை.

குடும்பத்தைத் தனியாகத் தலைமை தாங்கும் பெண்களிடம் இது இன்னும் கூட. தனக்கு இயலாது என்று சொன்னால் பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற பயம். கூலி வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம். வைத்தியருக்கு இருப்பதோ சில நிமிடங்கள், வெளியே வரிசை. அந்த இடத்தில் "சுகமோ?" என்று கேட்டால் "ஓம்" என்பதுதான் மரியாதை என்று நாங்கள் வளர்க்கப்பட்டிருக்கிறோம்.

ஆகவே கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது நான் கேட்பது வேறு கேள்வி. "போன வருசம் செய்து இந்த வருசம் செய்யாமல் விட்ட வேலை என்ன?" என்று கேட்பேன். அதற்கு உடனே பதில் வரும். அந்தப் பதிலை வைத்தியரிடம் சொல்லுங்கள் என்பேன்.

இரண்டாவது அளவுகோல் நடை. ஆறு நிமிடத்தில் 440 மீற்றருக்கு மேல் நடந்தால் நல்லது, 165 க்குக் கீழே என்றால் மோசம் என்று அந்த வழிகாட்டி சொல்கிறது. இரண்டு கால்களும் உள்ளவர்களுக்கு இது நல்ல பரிசோதனை. செலவில்லாதது, ஒரு நீளமான விறாந்தையும் மணிக்கூடும் போதும்.

எனக்குத் தெரிந்த ஒரு அக்காவுக்கு 2009 இல் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் கால் போட்டு நடக்கிறா. மூன்று பிள்ளைகள், கணவர் இல்லை. இரண்டு வருடங்களாக இளைப்பு. முதலில் இரத்தம் காணாது என்றார்கள். பிறகு, செயற்கைக் காலோடு நடந்தால் இளைக்கும் தானே என்றார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. செயற்கைக் காலோடு நடப்பதற்கு உடம்பு கூடச் செலவழிக்க வேண்டும். அதற்குப் பிறகு, இதெல்லாம் யுத்தத்தில் பட்ட மனக்காயம், உளவளத்துணைக்கு அனுப்புங்கள் என்று ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் துண்டோடுதான் அவ எங்கள் நிலையத்துக்கு வந்தா.

மனக்காயம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. பதற்றத்தாலும் மூச்சு முட்டும், நெஞ்சு படபடக்கும். அது உண்மையான வருத்தம், அதற்கு உதவி தேவை. ஆனால் பதற்றத்தில் வரும் மூச்சுமுட்டு அநேகமாக இருந்த இடத்திலும் வரும், வந்து போகும். மாடிப்படியில் ஏறும்போது மட்டும் தவறாமல் வந்து, நின்றவுடன் குறைவது வேறு. யுத்தம் நடந்த மண்ணில் இருக்கிறோம் என்பதற்காக எங்கள் உடம்பில் வரும் எல்லாவற்றையும் யுத்தத்தின் தலையில் கட்டிவிட்டால், மருந்து உள்ள வருத்தமும் மருந்தில்லாமல் போய்விடும். இது என் உறுதியான கருத்து. எங்கள் நிலையத்துக்கு இளைப்போடு வருபவர்களுக்கு ஈ.சி.ஜி.யாவது எடுத்தாயிற்றா என்று கேட்ட பிறகுதான் நாங்கள் கதைக்க இருக்கிறோம்.

அந்த அக்காவுக்கு எக்கோ எடுத்தபோது இதயத்தின் வலது பக்கம் பெருத்திருந்தது, இடது பக்கத்து வால்வுகள் நன்றாக இருந்தன. கொழும்புக்கு அனுப்பிக் குழாய் செலுத்திப் பார்த்து நோயை உறுதி செய்தார்கள். அதன்பிறகு அவவின் நிலைமையை எப்படி அளந்துகொண்டு போவது என்ற கேள்வி வந்தது. ஆறு நிமிட நடை எடுத்தால் தூரம் குறைவாகத்தான் வரும். அது இதயத்தால் குறைந்ததா, உரசிப் புண்ணான தண்டுக்காலால் குறைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. களைப்பைக் கேட்டால் "பரவாயில்லை டொக்டர்" என்று மட்டும் சொல்லுவா. ஆகவே வைத்தியர் இரத்தப் பரிசோதனையையும் எக்கோவையும் தான் நம்பியிருந்தார். மருந்து தொடங்க முன் அளவு 1,860. ஆறு மாதம் கழித்து 540. நல்ல முன்னேற்றம். ஆனால் வைத்தியர் முழுத் திருப்தி கொள்ளவில்லை. 300 க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று இரண்டாவது மருந்தைப் பற்றிக் கதைக்கிறார். அவவுக்கு அன்றைக்குத்தான் தன் வருத்தத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது என்று விளங்கியது. "அப்ப நான் சும்மா சொல்லேல்லை எண்டு இதில இருக்கு" என்று கடதாசியைக் காட்டிச் சொன்னா.

இன்னொன்றையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். வலது இதயத்தைத் தெளிவாகப் பார்க்கச் சில வேளைகளில் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். உடம்பில் செல் துண்டு இருப்பவர்கள், எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டாலும், காயப்பட்டதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்த இயந்திரம் பெரிய காந்தம்.

இவ்வளவும் சொன்னதற்காக இந்தப் பரிசோதனையை எல்லோரும் ஓடிப்போய்ச் செய்ய வேண்டும் என்று நினைக்க வேண்டாம். இது நோயைக் கண்டுபிடித்துச் சொல்லும் பரிசோதனை அல்ல. இதயத்தின் சுவர் இழுபடுகிறது என்று சொல்லும், எந்தப் பக்கம், ஏன் என்று சொல்லாது. இடது இதயம் பலவீனமானாலும் கூடும், வால்வு ஒடுங்கினாலும் கூடும், இதயத்துடிப்பு ஒழுங்கு தவறினாலும் கூடும். வயது போகப் போகச் சாதாரணமாகவே கூடும். பருமனான உடம்புள்ளவர்களுக்கு நோய் இருந்தும் குறைவாகக் காட்டும். நோயின் ஆரம்பத்தில் அளவு சரியாகவே இருக்கலாம் என்பதால், அளவு சரி என்று வந்தாலும் இளைப்பு தொடர்ந்தால் விட்டுவிடக் கூடாது.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இது முக்கியம். என்.ரி. புரோ பி.என்.பி. வெளியேறுவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அனுராதபுரம் பக்கத்திலும் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளிலும் சிறுநீரக நோய் எவ்வளவு பேரைப் பிடித்திருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவர்களுக்கு இந்த அளவு ஆயிரக்கணக்கில் வந்தாலும் அது முழுவதும் இதயத்தின் கணக்கு அல்ல. சிறுநீரகக் கிளினிக் கொப்பியையும் இதயக் கிளினிக்குக் கொண்டு போங்கள். இரண்டு கிளினிக்கும் ஒரே வளவுக்குள் இருந்தாலும் ஒன்றின் விடயம் மற்றதற்குத் தானாகப் போய்ச் சேரும் என்று நம்ப வேண்டாம்.

தனியார் ஆய்வுகூடக் கடதாசி பற்றியும் ஒரு வார்த்தை. சில கடதாசிகளில் அளவுக்குப் பக்கத்தில் இதயச் செயலிழப்பு என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பார்கள். ஒரு இளம் தாய் அதைப் பஸ்சில் இருந்து பிள்ளையைக் கொண்டு வாசிப்பித்து, இதயம் நின்றுவிடப் போகிறது என்று விளங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து நகையைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். அவருக்கு இருந்தது வால்வு ஒடுக்கம், சத்திரசிகிச்சை செய்து இப்போது நன்றாக இருக்கிறார். கடதாசியைக் கொடுக்கும்போது இரண்டு வார்த்தை விளக்கிச் சொல்லியிருந்தால் அந்த ஒரு இரவு அவருக்கு வந்திருக்காது. கடதாசி வைத்தியருக்கு எழுதப்பட்டது. அவர் பார்த்துச் சொல்லும்வரை பொறுத்திருங்கள்.

யூரிக் அமிலம், ட்ரோப்பொனின், வேறும் பல பொருட்களை ஆய்வாளர்கள் இந்த நோயில் அளந்து பார்த்திருக்கிறார்கள். இதுவரை நாளாந்த வைத்தியத்தில் நிலைத்தது பி.என்.பி. வகை ஒன்றுதான். ஸ்கிளெரோடேர்மா உள்ளவர்களில் யாருக்கு எக்கோ எடுக்க வேண்டும் என்று தீர்மானிக்க, இதனையும் யூரிக் அமிலத்தையும் மூச்சுப் பரிசோதனையையும் வேறு சிலவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் முறை ஒன்று 2014 இல் வெளியானது. அத்துடன் சுவாசப்பை உயர் அமுக்கம் உள்ள பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு அடிக்கடி சேர்ந்தே இருக்கும், ஆகவே அதையும் பார்த்துக்கொண்டே வர வேண்டும். சென்ற மாதம் எழுதிய இரும்புச்சத்து வீணாகவில்லை என்று சொல்ல வந்தேன்.

செலவைப் பற்றி. அந்த அக்காவுக்கு ஒரு முறை இந்தப் பரிசோதனையை வெளியில் செய்துகொண்டு வரச் சொன்னார்கள். ஒரு கிழமைக் கூலியில் பெரும்பங்கு அதற்குப் போனது. 2022 இல் நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்தபோது மருந்தே கிடைக்காமல் திண்டாடியதையும் நாங்கள் மறக்கவில்லை. எனவே ஒவ்வொரு மாதமும் செய்ய வேண்டியதில்லை என்பதை அறிந்திருங்கள். பொதுவாக மருந்து தொடங்க முன் ஒருமுறை, தொடங்கியோ மாற்றியோ மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் ஒருமுறை, பிறகு வைத்தியர் சொல்லும் இடைவெளியில். காசு குறைவு என்றால் மறைக்காமல் கேளுங்கள்: "டொக்டர், வருசத்துக்கு ஒண்டு ரெண்டு தரம்தான் என்னால ஏலும், எப்ப செய்தால் பிரயோசனம்?" இந்தக் கேள்விக்கு எந்த வைத்தியரும் கோபிக்க மாட்டார். சேர்ந்து திட்டமிட அவருக்கும் அது உதவும். அரசாங்க வைத்தியசாலையில் செய்ய இயலுமா என்பதையும் முதலில் கேளுங்கள். வசதி இடத்துக்கு இடம் வேறுபடும், காலத்துக்குக் காலம் மாறும்.

மருந்து விடயத்தில் ஒரு சங்கடம் உண்டு. அதைப் பேசாமல் விட்டால் இந்தக் கட்டுரையால் பயனில்லை. இந்நோய்க்குக் கொடுக்கும் குளிசைகளில் ஒன்று சில்டெனாபில். வயாகரா என்ற பெயரில் ஆண்களின் பிரச்சினைக்கு விற்கப்படுவதும் அதே மருந்துதான். அது சுவாசப்பைக் குழாய்களைத் தளர்த்துவதால் 2005 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்நோய்க்கும் அனுமதித்தார்கள். கணவர் இல்லாத ஒரு பெண் மருந்துக்கடையில் இந்தத் துண்டை நீட்டினால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கடையில் நின்ற பெடியன் சிரித்தானாம். அந்த அக்கா குளிசையை வாங்காமலே வந்துவிட்டா. வந்து பத்து நாளாக யாருக்கும் சொல்லவில்லை. பிறகு சொன்னது என்னிடம் அல்ல, மருத்துவமாதிடம். அந்த மாது மருந்துக்கடைக்காரரோடு கதைத்ததில் இப்போது துண்டைக் கண்டவுடன் பேசாமல் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

இந்தக் குளிசையை இடையில் நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் அமுக்கம் மீண்டும் ஏறும். நெஞ்சு நோவுக்கு நாக்கின் கீழ் வைக்கும் நைத்திரேற்று வகைக் குளிசையோடு சேர்ந்தால் உடம்பின் குருதியமுக்கம் ஆபத்தாக விழும். ஆகவே எந்த வைத்தியரிடம் போனாலும் இதைக் குடிப்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் உயிருக்குத்தான் சேதம். வால்வு பழுதானதாலோ சுவாசப்பை வருத்தத்தாலோ அமுக்கம் கூடியவர்களுக்கு இந்த மருந்து பொதுவாகப் பொருந்தாது. அவர்களுக்கு மூல வருத்தத்துக்குத்தான் வைத்தியம். பக்கத்து வீட்டுக்காரியின் குளிசையை வாங்கிக் குடிக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

இளம் பெண்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று. சுவாசப்பை நாடிகள் ஒடுங்கிய நோயோடு கருத்தரிப்பது தாயின் உயிருக்கே ஆபத்து. கர்ப்பத்தில் இரத்தத்தின் அளவு கூடுகிறது, வலது இதயத்துக்கு அது தாங்காது. ஆகவே கருத்தரிக்க வேண்டாம் என்றே வைத்தியர்கள் அறிவுறுத்துகிறார்கள். பொசென்டன் என்ற இன்னொரு மருந்து கருவையும் பாதிக்கும், கருத்தடைக் குளிசை ஊசி போன்றவற்றின் பலனையும் குறைக்கும். அதைக் குடிப்பவர்கள் கருத்தரிக்கக் கூடியவர்களாயின் மாதாமாதம் கர்ப்பப் பரிசோதனை செய்வது அதனால்தான். மாதாமாதம் ஈரல் பரிசோதனையும் செய்வார்கள்.

விதவை என்றும் கலியாணம் கட்டாதவள் என்றும் கொப்பியில் எழுதியிருந்தால் இந்தக் கதையை யாரும் எடுப்பதே இல்லை என்பது என் அனுபவம். கேட்டால் குற்றம் என்று தாதி நினைக்கிறார், சொன்னால் குற்றம் என்று பெண் நினைக்கிறாள். மறுமணம் செய்ய இருப்பவர்கள், செய்தவர்கள், எந்த நிலையில் இருப்பவர்களும் மருத்துவமாதிடம் தனியாகக் கேட்கலாம். அவர் இதைக் கேட்டுப் பழகியவர். அக்காமாரே, உங்கள் வீட்டில் இந்த நோயோடு ஒரு குமர்ப்பிள்ளை இருந்தால் கலியாணப் பேச்சு எடுக்க முன் அவளையும் கூட்டிக்கொண்டு வைத்தியரிடம் ஒருமுறை கதையுங்கள். பிள்ளை பெற முடியாது என்று மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்வதா விடுவதா என்று என்னிடம் கேட்கிறார்கள். சொல்லித்தான் ஆக வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அது அவளுடைய உயிர்.

கொப்பி விடயத்தைச் சொல்லி முடிக்கிறேன். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நான்கு கோடு கீறிக்கொள்ளுங்கள். திகதி, பரிசோதனையின் பெயர், அளவு, செய்த ஆய்வுகூடம். பெயர் என்ற இடத்தில் பி.என்.பி.யா, என்.ரி. புரோ பி.என்.பி.யா என்பதைக் கடதாசியைப் பார்த்து அப்படியே எழுதுங்கள். தெரியாவிட்டால் தாதியிடம் கேட்டு எழுதுங்கள். அந்த வரியின் கீழே, அந்த மாதம் செய்யாமல் விட்ட வேலை ஏதாவது இருந்தால் அதையும் எழுதுங்கள். கடதாசிகள் மழையில் நனையும், எலி அரிக்கும், வீடு மாறும்போது தொலையும். கொப்பி எப்போதும் கைப்பையில் இருக்கும்.